அக்கரையில் வைத்த தட்டு

பிற்பகல் மூன்று இருபது. முதலில் கண்ணில் பட்டது மணல்.

கூடத்தின் சிவப்புச் சிமெண்ட் தரையில், பின்வாசல் கதவிலிருந்து நெல் மூட்டைகள் அடுக்கிய அறை வரைக்கும், காசு அளவுக்குச் சின்னச் சின்ன வட்டங்களாகக் கிடந்தது. ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சாண். குனிந்து விரலால் தொட்டேன். கரகரப்பான, வெளிறிய மணல். எங்கள் ஊர் மண் கருங்களி. கோடையில் வெடித்துக் கல்லாகும், மழையில் காலைப் பிடித்து இழுக்கும், ஒருபோதும் மணலாக உதிராது. இந்த மணல் வீட்டைச் சுற்றி எங்கேயும் கிடையாது. கொல்லையைத் தாண்டி, தென்னந்தோப்பைத் தாண்டி, ஆற்றில்தான் உண்டு.

வட்டங்கள் போன வழியே போய் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் பூனை தன் இடத்தில் இருந்தது. இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. பதினோரு நாளாக அது அந்த இடத்தை விட்டுப் பகலில் நகர்ந்ததே இல்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

நான் முப்பது வருடம் ஒரு நாளிதழுக்கு நன்னிலம் பக்கத்துச் செய்திகளை எழுதி அனுப்பியவன். நேரத்தையும் முதலில் பார்த்ததையும் குறித்துக்கொள்வது அந்த வேலையில் வந்த பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் சின்ன நோட்டு இருக்கிறது. பூனை வந்த நாளிலிருந்து அதில் பூனைச் செய்திதான். அன்றைக்கும் குறித்துக்கொண்டேன்: 3.20, மணல்.

பூனை என் மனைவியின் அக்காவுடையது. நானும் அவரை அக்கா என்றே கூப்பிட்டு வந்தேன். எங்கள் ஊருக்கு நேர் எதிரே, ஆற்றுக்கு அக்கரை ஊரில் தனியாக இருந்தார். கணவர் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை. சித்திரை கடைசியில் ஒரு காலை, கொல்லையில் அடிபம்புக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். முதலில் பார்த்தவர் பால்காரர். அவர் போனபோது பூனை அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்ததாம். ஆள் நடமாட்டம் கேட்டாலே ஓடி ஒளிகிற பூனை, அன்று அவர் கிட்டே போயும் எழுந்திருக்கவில்லையாம்.

அதற்கு முந்தின வாரம் அக்கா போன் செய்திருந்தார். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுன்னா வீட்டப் புள்ள பாத்துக்குவான். நெலத்தக் குத்தகைக்காரன் பாத்துக்குவான். பூனைய மட்டும் நீ எடுத்துக்க. பூட்டுன கதவுக்கு முன்னாடி அது உக்காந்து கெடக்கக் கூடாது."

"சரி சரி, மாத்திரையப் போட்டியா நீ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள் என் மனைவி. இருவரும் பேசியதில் அதுதான் கடைசி. அக்கா தங்கையிடம் எதையும் கேட்கிற வழக்கம் இல்லாதவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, இலைகள் கிடந்த கொல்லையில் நின்றுகொண்டு என் மனைவி சொன்னாள்: "இத்தன வருஷத்துல இந்த ஒண்ணுதாங்க கேட்டுருக்கா. இத மட்டும் நான் சரியாச் செஞ்சிடணும்."

அன்று சாயங்காலமே மகன் வீட்டைப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்தான். "ஒரே சாவிதான் சித்தி. இன்னொண்ணு அப்பா இருக்கையிலயே தொலைஞ்சுபோச்சு. பத்திரம்."

பூனையை வீடு மாற்ற எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. சாக்கில் போட்டு வாயைக் கட்டி, ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். ஆற்றைக் கடந்துவிட்டால் பூனைக்கு வந்த வழி மறந்துபோகும் என்பார்கள். புது வீட்டு வாசலில் சாக்கோடு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, நேரே அடுப்படிக்குக் கொண்டுபோய் அவிழ்த்து, நான்கு பாதத்திலும் நெய் தடவ வேண்டும். அந்த நெய்யை நக்கி முடிப்பதற்குள் அது அந்த வீட்டுப் பூனையாகிவிடும்.

என் மனைவி எதையும் விடவில்லை. பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தால் நான்கு கிலோமீட்டர். ஆறு வறண்டு கிடந்ததால் மணலில் நடந்தே கடந்தோம். சணல் சாக்கை நான் முதுகில் போட்டுக்கொண்டேன். பூனை கத்தவில்லை, பிறாண்டவில்லை. முதுகில் ஒரு சூடு மட்டும் இருந்தது. நடு ஆற்றில், பின்னால் வந்த மனைவி சொன்னாள்: "சாக்கு ஓட்டையில ஒரு கண்ணு தெரியுது. பாத்துக்கிட்டே வருதுங்க."

அடுப்படியில் அவிழ்த்து நெய் தடவியதும் அது மூட்டை அறைக்குள் ஓடியது. தரையில் வழுவழுவென்று நெய்த்தடம் நான்கைந்து. அதோடு சரி. சாம்பல் நிறப் பெட்டை, காதோரம் ஒரு வெட்டு. மறுநாளிலிருந்து அந்த விவரத்தைச் சரிபார்க்கக்கூட வழியில்லை. கண்கள் மட்டும்தான்.

சிங்கப்பூரிலிருந்து மகன் வீடியோ காலில் யோசனை சொன்னான். ஒரே அறையில் விடுங்கள், துரத்திப் பிடிக்காதீர்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், அதுவாக வரும்வரை சும்மா பக்கத்தில் இருங்கள். என் மனைவி அப்படியே செய்தாள். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், மூட்டை அறைத் தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி சின்ன வெங்காயம் உரித்தாள். அக்காவின் பழைய நூல்சேலை ஒன்றை மடித்து மூட்டையடியில் போட்டாள். தயிர்சாதமும், வறுத்த கருவாட்டை உதிர்த்துப் பிசைந்த சோறும் மாற்றி மாற்றி வைத்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் குறைந்தால், எறும்பா பூனையா என்று சொல்ல முடியாது.

ஆனால் பூனை மெலியவில்லை. ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, விலா எலும்பு ஒன்றும் தெரியாமல், மயிர் பளபளவென்று இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் குறித்திருந்தேன். மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு அது தலையைத் தூக்கும். அதுவரை பாதங்களில் முகம் புதைத்துக் கிடப்பது, ஐம்பது ஆனதும் நிமிரும். இரண்டு காதும் மேற்கே திரும்பும். ஒரு நிமிடம் அப்படியே இருக்கும். நான்காம் நாள் தற்செயலாகப் பார்த்தேன். ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். மேற்கே எங்கள் கொல்லை, தோப்பு, ஆறு, அக்கரை. ஒரு சத்தமும் இல்லை.

மனைவியிடம் சொன்னேன். வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா சாப்பாட்டு மாத்திர போடுற நேரம். ஒரு மணிக்குச் சாப்புடுவா. அதுக்கு முன்னாடி பூனைக்கு வச்சிருவா. கரண்டியால தட்டு விளிம்புல ரெண்டு தட்டு."

அவளும் எங்கள் வீட்டுத் தட்டில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். "ஏய் பூன, வா" என்றாள். கண்கள் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி மேற்கே போயின.

மணலைப் பார்த்ததற்கு மறுநாள் காலை கருவாட்டுக்காரம்மா வந்தார். நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோரத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருபவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்போது கூடையில் கருவாடு மட்டும். அக்கரையில் அக்காவுக்கும் இக்கரையில் எங்களுக்கும் வருடக்கணக்காக அவர்தான்.

"என்னக்கா, பூன ஒட்டிக்கிச்சா?"

"எங்க. ஒளிஞ்சேதான் கெடக்கு. ஆனா நாம அசந்த நேரம் வெளிய போயிட்டு வருது போல. ஆத்து மணலாக் கொண்டாந்து கொட்டுது."

தராசுத் தட்டைக் கீழே வைத்தார். "ஆத்து வழியாவா கொண்டாந்தீங்க அத?"

"ஆமா. ஆத்தக் கடந்தாத்தான மறக்கும்."

"ஆத்துல தண்ணி எங்கக்கா இருக்கு?"

என் மனைவி தோப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி போனாத்தான் அது ஆறு. இப்ப அது ரோடு. நீங்களே தூக்கிட்டுப் போயி இதாம்மா வழின்னு காட்டி வுட்ருக்கீங்க." என் பக்கம் திரும்பினார். "ஐயா வருஷா வருஷம் பேப்பர்ல கடமடைக்குத் தண்ணி வரல, தண்ணி வரலன்னு எழுதுனவரு. நம்ம கொல்ல ஆத்துல தண்ணி இல்லங்கறது மட்டும் தெரியாமப் போச்சு."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆறு என்றால் எங்களுக்குத் தண்ணீர்தான். வருடத்தில் நான்கு மாதம் அது வெறும் மணல் என்பது கண்ணுக்குத் தெரியும், புத்தியில் ஏறாது.

"என்னன்னு கூப்புடுறீங்க?" என்று கேட்டார் மனைவியிடம்.

"பூனன்னுதான்."

"நல்லாருக்கு. பெரியக்கா பாப்பான்னுல்ல கூப்புடும். பாப்பான்னு கூப்புட்டுப் பழக்கின சீவன, ஏய் பூனன்னா திரும்பிக்கூடப் பாக்காது."

என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். காரணம் எனக்குத் தெரியும். அறுபது வருடமாக அக்கா பாப்பா என்று கூப்பிட்டது அவளைத்தான். அக்காவிடம் பூனை வந்த பிறகு ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, "பாப்பா, வா, சாப்புட வா" என்றார் அக்கா. "நான் இங்க சாப்டாச்சுக்கா" என்றாள் இவள். மறுமுனையில் சிரிப்பு. உன்னையில்லடி, பூனையை. அதற்குப் பிறகு இவள் போன் செய்வது குறைந்தது. யாரும் சண்டை போடவில்லை.

நான் கருவாட்டுக்காரம்மாவிடம் கேட்டேன்: "அந்த வீட்டுப் பக்கம் போனா பூனைக்கு எதாச்சும் போடுறீங்களா?"

"நான் அந்தக் கரைக்குப் போயி ஒரு மாசம் ஆவப்போவுதுங்கய்யா. அந்தத் தெருவுல ஆறு வூடு, நாலு பூட்டிக் கெடக்கு. பெரியக்காவும் போனப்பறம் யாரு வாங்குவா?" கூடையைக் கட்டி மொபெட்டில் ஏற்றினார். "யாராச்சும் போடுறாங்கன்னா யாருன்னு சொல்லுங்க. கருவாடு வாங்குவாங்களான்னு கேக்குறேன்."

அன்று மதியம் நான் படுக்கவில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்குப் பூனை தலையைத் தூக்கியது. கதவோரம் மறைந்து நின்றேன். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தது. பன்னிரண்டு நாளில் அதை முழு உடம்போடு பார்த்தது அப்போதுதான். பம்மவில்லை, பதுங்கவில்லை. தெரிந்த வீட்டுக்குப் போகிற ஆளைப்போல நேரே பின்வாசலைத் தாண்டித் தோப்புக்குள் நடந்தது.

உச்சி வெயில். எங்கள் பக்கத்தில் அந்த நேரத்தில் ஆற்றங்கரைக்குப் பெண்களையும் பிள்ளைகளையும் அனுப்ப மாட்டார்கள். கரைமேல் ஏறி நின்றபோது இரண்டு கரையிலும் ஒரு ஆள் இல்லை. காக்கைகூட இல்லை. மணல் கண்ணைக் கூசவைத்தது. தென்னைகளின் நிழல் அதனதன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. பூனை ஆற்றில் இறங்கி நேராக நடந்தது. சூட்டுக்குப் பாதத்தைத் தூக்கித் தூக்கி வைக்கும் என்று எதிர்பார்த்தேன். நிதானமாகப் போனது. நடு ஆற்றில் நின்றது. தலையை நிமிர்த்தி, தனக்கு இடப்பக்கத்தில் ஆள் உயரத்துக்குப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. பிறகு மறுபடி நடந்தது. அங்கிருந்து அக்கரைப் படித்துறை வரைக்கும் கொஞ்சம் இடம் விட்டு, யாரோ கூட வருகிற மாதிரி ஒதுங்கியே நடந்தது.

செருப்பு பொசுங்கப் பின்னால் போனேன். படித்துறை ஏறி, இரண்டாவது தெருவில் அக்கா வீடு. வாசலில் பூட்டு தொங்கியது. பூட்டில் சிலந்தி வலை. பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனேன். பின்கதவு உள்தாழ்ப்பாள். கதவுக்கு வெளியே படியில் பூனை உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து ஓடவில்லை. அதன் முன்னால் ஓர் அலுமினியத் தட்டு. நக்கி முடித்த தட்டு. தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

அந்த வெயிலில் தரையில் தெளித்த தண்ணீர் இரண்டு நிமிடம் தாங்காது. அடிபம்பைப் போய்ப் பார்த்தேன். வாய் காய்ந்து துருப்பொடி உதிர்ந்தது. தெருவில் ஆள் இருந்த இன்னொரு வீட்டில், நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். கதவில் சங்கிலி மட்டும் மாட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் வரிசையாகச் சொன்னேன்.

"தட்டு எங்க இருந்துச்சு?"

"பின்வாசப் படியில."

"எந்தத் தட்டு?"

"விளிம்பு ஒரு எடத்துல நெளிஞ்சிருக்கு. அடியில அக்கா பேரோட மொத எழுத்து வெட்டியிருக்கு."

"அத நான் கழுவி அடுப்படி அலமாரியில கவுத்து வச்சப்பறந்தாங்க அக்கா மவன் வீட்டப் பூட்டுனான்."

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதக் கூடாது என்பது என் தொழிலின் பாடம். துக்க வீட்டில் யார் எதை எங்கே வைத்தார்கள் என்று யாருக்கும் சரியாக நினைவிருக்காது. மறுநாள் காலை இருவரும் சாவியோடு போனோம். உள்ளே பூட்டிய வீட்டின் புழுக்கம். அடுப்படி அலமாரிப் பலகையில் தூசி படிந்திருந்தது. தூசிக்கு நடுவே ஒரு வட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது. கொல்லைப்பக்கத்து சன்னல் கதவு திறந்தே கிடந்தது. கம்பிகளுக்கிடையே பூனை நுழையலாம். தட்டு நுழையாது.

என் மனைவி படியிலிருந்த தட்டையும் அலமாரியிலிருந்த கரண்டியையும் எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

அன்று மதியம் எங்கள் பின்வாசலைச் சாத்திவைத்தோம். பன்னிரண்டு ஐம்பதுக்குப் பூனை வந்து கதவுக்கு முன்னால் உட்கார்ந்தது. கத்தவில்லை. கதவைப் பார்த்தபடி மூன்றரை வரைக்கும் உட்கார்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே. இரண்டு நாளும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் அது வந்து உட்கார்ந்ததும் என் மனைவி எழுந்து தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள்.

"என்ன பண்ற நீ?"

"பூட்டுன கதவுக்கு முன்னாடி உக்காரக் கூடாதுன்னுதான சொன்னா. நாம அதத்தான் பண்ணிக்கிட்டிருக்கோம்."

அதன் பிறகு பூனை தினமும் போனது, தினமும் மூன்று மணிக்கு மேல் திரும்பியது. மணலைப் பெருக்கித் தள்ளினோம். அந்தப் படியில் இப்போது தட்டு இல்லை. பூனை மட்டும் வயிறு நிறைந்து வந்தது.

மேட்டூர் அணையைத் திறந்தார்கள். எங்களுடையது கடைமடை. தண்ணீர் வந்து சேர நாளாகும். ஆனால் வந்த நேரம் பூனை அக்கரையில் இருந்துவிட்டால், தை மாதக் கடைசி வரைக்கும் அது அக்கரைதான். பூட்டிய வீடு, காலித் தெரு. பாலத்தைச் சுற்றிப் போய்ப் பிடித்துவரலாம் என்றால், இந்த முறை அது கையில் சிக்காது. என் மனைவி தினமும் கேட்பாள்: "எப்பங்க வரும்?" முப்பது வருடம் எந்த மதகு எப்போது திறந்தது என்று எழுதியவன் நான். ஒருநாள் காலை, கல்லணையிலிருந்து நாள் கணக்குப் போட்டுச் சொன்னேன்: "நாளை மறுநாள் சாயங்காலத்துக்கு முன்னாடி வராது. நாளன்னிக்குக் காலையில கதவச் சாத்திக்கலாம்."

அந்த வருடம் மேலே தூர்வாரியிருந்தார்கள். அது என் கணக்கில் இல்லை.

அன்றே மதியம் ஒன்று பதினைந்துக்குக் கரைமேல் பைக் சத்தம் கேட்டது. ஆற்று மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் பொதுப்பணித்துறை ஆள், லஸ்கர் என்பார்கள். தோப்புக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தாமலே சொன்னார்: "சார், தண்ணி மேல மதகத் தாண்டிடுச்சு. அர மணி நேரம். மாடு கண்ணு இருந்தா ஓட்டிக்கங்க."

பூனை போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

என் மனைவி அடுப்படியிலிருந்து அக்காவின் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். அறுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. நான் கரைக்குப் போனபோது அவள் கீழ்ப்படியில் நின்றிருந்தாள். கரண்டியால் தட்டு விளிம்பில் இரண்டு தட்டு. ஆறு முழுக்க அது கேட்டது. "ஏய் பூன, வா" என்று கத்தினாள். அக்கரைப் படித்துறை காலியாக இருந்தது. மறுபடி இரண்டு தட்டு.

வடக்கே வளைவில் தண்ணீர் தெரிந்தது. புதுத் தண்ணீர் பாய்ந்து வராது, நடந்துதான் வரும். முன்னால் அழுக்கு நுரை, அதற்கு முன்னால் சருகும் செத்தையும், யாரோ விட்ட ஒற்றைச் செருப்பும். மணல் அதைக் குடிக்கக் குடிக்க விரல் விரலாகப் பிரிந்து வந்தது. சருகு மேல் யாரோ நடக்கிற மாதிரி ஒரு சத்தம், இடைவிடாமல்.

பூனை அக்கரைப் படியில் வந்து நின்றது. தண்ணீர் வரும் பக்கம் பார்த்தது. இறங்கவில்லை.

"கூப்புடு" என்றேன்.

"கூப்புட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

"அக்கா கூப்புடுறாப்புல கூப்புடு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கரண்டியால் இரண்டு தட்டினாள்.

"பாப்பா, வா. சாப்புட வா."

அது அவள் குரல் இல்லை. கடைசி வார்த்தையை இழுத்து விடுகிற விதம், தொண்டையில் லேசான கரகரப்பு, அக்காவினுடையது. நாற்பது வருடம் கூட வாழ்ந்ததில் அந்தக் குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை என்று முகத்தில் தெரிந்தது. கரண்டி பிடித்த கை அப்படியே நின்றது.

பூனை இறங்கியது. ஓடவில்லை. நடு ஆற்றில், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது. தண்ணீரின் முதல் விரல் அதற்குப் பத்தடியில் இருந்தது. பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து பார்த்தது. பிறகு எங்களைப் பார்த்து நேராக நடந்து வந்தது. இந்த முறை ஒதுங்காமல், தனியாக. அது படியில் கால் வைத்த பிறகுதான் நுரை எங்கள் படியைத் தொட்டது. பின்னங்கால் இரண்டும் நனைந்திருந்தன. திரும்பி அக்கரையைப் பார்த்துக்கொண்டு என் மனைவியின் காலடியில் உட்கார்ந்தது. தட்டில் ஒன்றும் இல்லை. அவசரத்தில் சோறு எடுத்து வரவில்லை.

அன்று சாயங்காலம் அது அடுப்படியில், அக்காவின் தட்டில், பிசைந்த சோற்றை எங்கள் முன்னாலேயே தின்றது. இரண்டாம் நாள் மூட்டை அறையை விட்டுக் கூடத்துக்கு வந்தது. நான்காம் நாள் என் மனைவி வெங்காயம் உரிக்கும் முறத்துக்குப் பக்கத்தில் படுத்தது. அவள் அதைப் பாப்பா என்றே கூப்பிட்டாள், தன் குரலில். தடைக்காலம் முடிந்து மீனோடு வந்த கருவாட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் ஆறு நடுவுல இருக்கு" என்று ஒரு மத்தியைத் தூக்கிப் போட்டார்.

ஆறாம் நாள் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. படித்துறையில் மேல் இரண்டு படிகள்தான் வெளியே தெரிந்தன. காலையிலிருந்து தூறல். பின்வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தோம். பன்னிரண்டு ஐம்பதுக்குப் பூனை தலையைத் தூக்கியது. காதுகள் மேற்கே போகவில்லை. பின்வாசல் கதவை ஒரு நிமிடம் பார்த்தது, பிறகு அடுப்படிக்குப் போய்ச் சாப்பிட்டது. நாங்கள் கூடத்தில் படுத்தோம். பூனை என் மனைவியின் கால்மாட்டில் படுத்தது.

மூன்று இருபதுக்கு நான் எழுந்தபோது அது அங்கேயே தூங்கிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. பின்வாசல் கதவிலிருந்து அடுப்படியில் அந்தத் தட்டு வரைக்கும் தரையில் மணல் கிடந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். காய்ந்த ஆற்று மணல்.